சப்ஸ்டேஷன் என்னதான் செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ன ஊர் துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, அதனால் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் வரும் பெட்டிச் செய்தி மூலமாகத்தான் பெரும்பாலானவர்களுக்கு சப்ஸ்டேஷன் பழக்கம். பல வருடம் சப்ஸ்டேஷனில் ஷிஃப்ட் பார்த்தவன் என்பதால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், டீக்கடையில் பார்ப்பவர்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு கிரிட்டிலிருந்து, அதாவது மின் நிலையங்களையும் லைன்களையும் இணைக்கும் வலையிலிருந்து. தேவைப்பட்ட இடத்தில் இலங்கைக்கும் வட இந்தியாவுக்கும் லண்டனுக்கும் போய் வந்திருக்கிறேன்.

சப்ஸ்டேஷன் என்றால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதானே?

டிரான்ஸ்ஃபார்மர் அதில் ஒரு பாதி. வோல்டேஜைக் கூட்டுவது, குறைப்பது அதன் வேலை. இன்னொரு பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: எங்கோ ஒரு லைனில் கோளாறு வந்தால் அந்தத் துண்டை மட்டும் கண நேரத்தில் வெட்டிவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. பல லைன்கள் வந்து சேர்ந்து பிரிகிற இடம் என்பதால் இதை அங்கேதான் செய்ய முடியும். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சப்ஸ்டேஷன்கள் உண்டு, அவற்றை ஸ்விட்சிங் ஸ்டேஷன் என்பார்கள், சேர்ப்பதும் பிரிப்பதும் மட்டும்தான் அங்கே வேலை. ஆனால் ஓடுகிற கரண்டை வெட்டும் ஸ்விட்சான பிரேக்கர் இல்லாத சப்ஸ்டேஷனைப் பார்ப்பது அரிது.

உங்கள் தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பது விநியோக டிரான்ஸ்ஃபார்மர். அது 11 அல்லது 22 கே.வி.யை (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) வீட்டுக்கான அளவுக்குக் குறைக்கிறது. அதைச் சப்ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்வதில்லை.

எதற்கு இத்தனை கே.வி.? உற்பத்தி செய்கிற அளவிலேயே கொண்டுவந்து கொடுத்தால் என்ன?

கம்பி சூடாகி வீணாகிவிடும். ஒரு சின்ன கணக்கு: 10 மெகாவாட் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள், பவர் ஃபேக்டரை விட்டுவிடுவோம். வீட்டுக்கு வரும் மூன்று ஃபேஸ் அளவான 415 வோல்டில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 13,900 ஆம்பியர் ஓடும், அதைத் தாங்கும் கம்பியைக் கம்பத்தில் தொங்கவிடவே முடியாது. 11 கே.வி.யில் 525 ஆம்பியர். 110 கே.வி.யில் வெறும் 52. கம்பியில் சூடாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வோல்டேஜைப் பத்து மடங்கு கூட்டினால் அதே கம்பியில் இழப்பு நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் தூரம் கூடக் கூட வோல்டேஜை ஏற்றுகிறோம், ஊர் நெருங்க நெருங்கப் படிப்படியாக இறக்குகிறோம்.

அப்படியானால் என் வீட்டு ஃபேன் வரைக்கும் கரண்ட் எத்தனை சப்ஸ்டேஷனைத் தாண்டி வருகிறது?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள 210 மெகாவாட் ஜெனரேட்டர் 15.75 கே.வி.யில் உற்பத்தி செய்கிறது. அங்கேயே 230 கே.வி.யாக ஏற்றி லைனில் விடுகிறார்கள். அது ஏதாவது ஒரு 230 கே.வி. சப்ஸ்டேஷனுக்கு வந்து 110 கே.வி. ஆகிறது, அங்கிருந்து உங்கள் வட்டாரத்து 110 கே.வி. சப்ஸ்டேஷனுக்குப் போய் 22 அல்லது 11 கே.வி. ஆகிறது, சில இடங்களில் நடுவில் 33 கே.வி. என்று இன்னொரு படி இருக்கும். மதுரை, திருநெல்வேலி பக்கமெல்லாம் 22 கே.வி. அதிகம், சென்னையில் 11. கடைசியாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மர். மேலே 400 கே.வி., 765 கே.வி. என்று இன்னும் பெரிய அடுக்குகள் இருக்கின்றன, வேலூர் பக்கத்துத் திருவலத்தில் இருப்பது 765 கே.வி. நிலையம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'என் கரண்ட் தூத்துக்குடியிலிருந்து வருகிறது' என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா உற்பத்தி நிலையமும் ஒரே வலையில் சேர்ந்துதான் ஊட்டுகின்றன, வலையில் எங்கே இழுத்தாலும் எல்லாமும் சேர்ந்து பங்கு போட்டுத் தருகின்றன.

வேலிக்கு வெளியே இருந்து பார்த்தால் ஒரே இரும்புக் காடாக இருக்கிறது. எது என்ன?

லைன் உள்ளே நுழையும் பக்கத்திலிருந்து பாருங்கள். முதலில் நிற்பது இடிதாங்கி, லைட்னிங் அரெஸ்டர் என்போம், லைனில் இடி விழுந்தால் அந்த அதிர்வைத் தரைக்கு இறக்கிவிடும். அப்புறம் சி.டி., பி.டி., அதாவது ஆயிரக்கணக்கான ஆம்பியரையும் லட்சக்கணக்கான வோல்டையும் மீட்டரும் ரிலேயும் தாங்கும் அளவுக்குச் சுருக்கிக் காட்டுபவை. ரிலே என்பது கோளாறைக் கண்டுபிடித்துப் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி. பக்கத்தில் கத்தி மாதிரி நீண்ட கைகளோடு இருப்பது ஐசோலேட்டர். அதைத் திறந்தால் லைன் பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது, திறந்தால் நெருப்பு வளையம் போல ஆர்க் இழுக்கும். ஓடுகிற கரண்டை வெட்டுவதற்கென்று இருப்பது பிரேக்கர். பெரிய வோல்டேஜில் எஸ்.எஃப்.6 என்ற வாயு நிரப்பிய பிரேக்கர், 11, 22 கே.வி.யில் பெரும்பாலும் வேக்குவம் பிரேக்கர். மேலே மூன்று வரிசையாக ஓடும் தடித்த குழாயோ கம்பியோதான் பஸ்பார், எல்லா லைனும் அதில்தான் கைகோர்க்கின்றன.

நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் முழுக்க எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கிறது. எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது, ஒன்று இன்சுலேஷன், இன்னொன்று குளிர்விப்பது. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சிலிக்கா ஜெல் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி ஆறும்போது காற்றை வெளியே விட்டு உள்ளே இழுக்கிறது, அந்தக் காற்றின் ஈரத்தை இந்த ஜெல் உறிஞ்சிக்கொள்கிறது. நீலமாக இருந்தால் சரி. வெளிர் சிவப்பாகிவிட்டால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும். ஷிஃப்டுக்குப் போனதும் முதலில் இதைப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன், ஏனென்றால் எண்ணெயில் ஈரம் சேருவதுதான் டிரான்ஸ்ஃபார்மருக்கு மெதுவாக வரும் சாவு. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

கன்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்து அறையில் 2 வோல்ட் செல்களை வரிசையாக அடுக்கி 110 வோல்ட் டி.சி. பேட்டரி வைத்திருப்பார்கள். வெளியாட்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் மொத்த சப்ஸ்டேஷனும் இருட்டானாலும் பிரேக்கரைத் தட்டிவிடும் சக்தி அந்தப் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. பேட்டரி செத்தால் ரிலே கோளாறைக் கண்டுபிடித்தும் பயனில்லை, பிரேக்கர் திறக்காது.

கரண்டை அங்கே சேமித்து வைக்கிறார்களா?

இல்லை. அந்தப் பேட்டரி சப்ஸ்டேஷனின் சொந்த உபயோகத்துக்கு மட்டும். வரிசையாக அடுக்கிய டப்பாக்கள் போலத் தெரியும் கெப்பாசிட்டர் பேங்க், வோல்டேஜைத் தூக்கிப் பிடிப்பதற்காக. ஊருக்குத் தேவையான மின்சாரம் அந்தந்த நொடியில் எங்கோ உற்பத்தியாகிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த 'ம்ம்ம்' சத்தம் ஏன்?

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போது மயிரிழை அளவுக்கு நீண்டு சுருங்குகின்றன. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை இப்படி நடப்பதால் 100 ஹெர்ட்ஸில் சத்தம் கேட்கிறது. அது கோளாறு இல்லை. மழைக்காலத்தில் கம்பி, இன்சுலேட்டர் பக்கம் 'சர்ர்' என்று கேட்பது வேறு, அது ஈரத்தில் காற்று லேசாக அயனியாவது.

தரை முழுக்க ஜல்லி ஏன் போட்டிருக்கிறார்கள்?

தரைக்கு அடியில் முழு வளாகத்துக்கும் இரும்புப் பட்டைகளால் வலை போல எர்த் மேட் புதைத்திருக்கிறது. பெரிய கோளாறு வரும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கும், அந்த நொடியில் தரையிலேயே இடத்துக்கு இடம் வோல்டேஜ் வித்தியாசப்படும். இரண்டு கால்களுக்கு நடுவே அந்த வித்தியாசம் விழுந்தால் ஆள் போய்விடுவார். காய்ந்த ஜல்லி மின்சாரத்தைச் சுலபத்தில் கடத்தாது, அதனால் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு தடையாக நிற்கிறது. எண்ணெய் சிந்தினால் தேங்காது, புல்லும் முளைக்காது.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: கிரிக்கெட் பந்து உள்ளே விழுந்தால் அந்தப் பந்தை மறந்துவிட வேண்டும். கேட்டில் இருக்கும் ஆளிடம் கேட்கலாம், ஏறிக் குதிக்கக் கூடாது. இந்த வோல்டேஜில் தொட வேண்டும் என்ற அவசியமே இல்லை, பக்கத்தில் போனாலே பாய்ந்துவிடும்.

கரண்ட் ஒரு செகண்ட் போய் உடனே வந்துவிடுகிறதே, யாராவது விளையாடுகிறார்களா?

இல்லவே இல்லை. லைனில் ஒரு தென்னை மட்டை உரசும், பறவை அடிபடும், இடி இறங்கும். ரிலே அதைப் பார்த்ததும் பிரேக்கரைத் திறக்கிறது. பெரிய லைன்களில் கோளாறு தொடங்கிப் பிரேக்கர் திறந்து முடிப்பதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. பெரும்பாலான கோளாறுகள் அப்படி ஒரு தடவை வெட்டினாலே விலகிவிடும் என்பதால் ஏறத்தாழ ஒரு நொடி கழித்துப் பிரேக்கர் தானாகவே திரும்ப மூடிப் பார்க்கும். கோளாறு போயிருந்தால் உங்கள் வீட்டில் ஒரு சிமிட்டல். இன்னும் இருந்தால் மறுபடி திறந்து அப்படியே நின்றுவிடும்.

ஊருக்குள் போகும் 11, 22 கே.வி. லைன்களை பீடர் என்போம். அவற்றில் பெரும்பாலும் ஆபரேட்டர்தான் சில நிமிடம் கழித்து ஒரு முறை டெஸ்ட் சார்ஜ் செய்து, அதாவது கரண்டைத் திரும்ப விட்டுப் பார்ப்பார். நின்றால் சந்தோஷம். நிற்காவிட்டால் லைன்மேனுக்குத் தகவல் போகும், அவர் கம்பம் கம்பமாக லைனைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ராத்திரி மழையில், வயல் வரப்பில், டார்ச் வெளிச்சத்தில். அதுதான் நீங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம்.

ஒரு குரங்கால் ஒரு நாடே இருட்டாகுமா? இலங்கையில் அப்படித்தான் சொன்னார்கள்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30 மணி வாக்கில் கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் பட்டு, நாடு முழுவதும் கரண்ட் போனது. அமைச்சரே குரங்கு என்று சொன்னதும் உலகம் முழுக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் குரங்கு, பாம்பு, அணில், மரநாய் எல்லாம் சப்ஸ்டேஷனுக்குள் வருவது சாதாரணம், எந்த ஆபரேட்டரைக் கேட்டாலும் சொல்வார். ஒரு விலங்கு அடிபட்டால் ஒரு பீடரோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ விழலாம், நாடு விழக் கூடாது. ஏன் விழுந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அன்று ஞாயிறு, நல்ல வெயில். தேவை குறைவு, ஆனால் கூரைகளில் இருக்கும் சோலார் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நீராவியிலும் நீரிலும் சுழலும் பெரிய டர்பைன்கள் குறைவாகத்தான் ஓடின. சுழலும் அந்த இரும்பின் எடைதான் ஒரு அடி விழும்போது கிரிட்டைச் சில நொடி தாங்கிப் பிடிப்பது. நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எடை கூட்டினால் ஒரு கல்லில் ஏறினாலும் சக்கரம் உடனே நின்றுவிடாதே, அது மாதிரி. எடை குறைந்த அன்றைக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. பாணந்துறையில் வந்த அடி அமைப்பு முழுக்கப் பரவி, நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று யூனிட்டுகளும், மொத்தம் 900 மெகாவாட், விழுந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் படிப்படியாகக் கரண்ட் வந்தது, ஆனால் நுரைச்சோலை உடனே திரும்ப வரவில்லை, அதனால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு போட வேண்டியிருந்தது.

இலங்கை ஒரு தீவு, பக்கத்துக் கிரிட்டில் கை வைத்துச் சாய்ந்துகொள்ள வழியில்லை. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

அதுதான் மண்டல கிரிட் என்பதா? தெற்கு மண்டலம் என்றால் என்ன?

இந்தியாவில் கிரிட்டை ஐந்து மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நாம் தெற்கு மண்டலம்: தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி. இந்த மண்டலத்தைக் கவனிக்கும் சுமைப் பகிர்வு மையம் பெங்களூருவில் இருக்கிறது, மாநிலத்துக்கான மையம் சென்னையில், அதற்குக் கீழே மதுரையிலும் ஈரோட்டிலும் கிளைகள். சப்ஸ்டேஷனில் நாங்கள் மணிக்கு ஒரு தடவை எழுதுகிற வோல்டேஜ், ஒவ்வொரு பீடரின் ஆம்பியர், எண்ணெய் சூடு, டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜை ஏற்றி இறக்கும் டேப்பின் நிலை இவற்றில் பெரிய நிலையங்களின் விவரமெல்லாம் இவர்களுக்குப் போய்ச் சேரும். பெரிய லைனை ஆஃப் செய்யவோ ஆன் செய்யவோ இவர்களிடம் கேட்காமல் கை வைக்க முடியாது.

முன்பு தெற்கு மண்டலம் தனியாகச் சுழன்றது. வடக்கோடு இணைப்பு இருந்தது, ஆனால் டி.சி. வழியாக, அதாவது ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலாருக்கு வரும் லைன் போல. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர், சோலாப்பூர் 765 கே.வி. ஏ.சி. லைன் மூலம் நாமும் ஒரே துடிப்பில், அதாவது நாடு முழுவதும் ஒரே 50 ஹெர்ட்ஸ் சுழற்சியில் இணைந்தோம். அதற்கு முந்தைய வருடங்களில் தமிழ்நாடு மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்தது நினைவிருக்கும். வடக்கே மின்சாரம் விலைக்குக் கிடைத்தாலும் கொண்டுவர அகலமான பாதை இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கே.வி. டி.சி. லைன் இருக்கிறது, 1,700 கிலோமீட்டருக்கு மேல், 6,000 மெகாவாட் கொண்டுவர முடியும். புகளூரில் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் நிலையமும் ஒரு வகை சப்ஸ்டேஷன்தான், மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிய வேலை செய்வது.

ஒன்றாக இணைந்தால் ஒன்றாகவே விழுந்துவிடுவோமே? 2012-ல் வடக்கே நடந்தது போல?

நியாயமான பயம். 2012 ஜூலை 30 அதிகாலையில் வட மண்டலம் முழுக்க விழுந்தது, மறுநாள் 31 மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி. நாம் அன்று தனியாக இருந்ததால் தப்பித்தோம்.

தொடங்கிய இடத்தைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் பீனா, குவாலியர் 400 கே.வி. லைன். பக்கத்துச் சர்க்யூட்டைத் தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள், எல்லாச் சுமையும் மிச்சமிருந்த லைன் மேல். அந்த லைனில் கோளாறு எதுவுமில்லை, மரம் விழவில்லை, இடி விழவில்லை. ஆனால் சுமை அவ்வளவு ஏறியதில், தூரத்துக் கோளாறைக் கவனிக்கும் ரிலேயின் 'மூன்றாவது மண்டலம்' (கிரிட் மண்டலம் அல்ல, ரிலே கண்காணிக்கும் தூர எல்லை) இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு பிரேக்கரைத் திறந்துவிட்டது. ஒரு சப்ஸ்டேஷனில் ஒரு ரிலேயின் ஒரு முடிவு, அப்புறம் சீட்டுக்கட்டு போல. ரிலே செட்டிங் என்பதை யாரோ மூலையில் உட்கார்ந்து பார்க்கும் காகித வேலையாக நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதற்காகத் தனியாக இருப்பதே மேல் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய கிரிட்டில் ஒரு பெரிய யூனிட் விழுந்தாலும் மற்றவை தாங்கும். கூடவே சப்ஸ்டேஷன்களில் குறை அதிர்வெண் ரிலே வைத்திருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது 49.4-க்கு இறங்கினால் முதல் கட்டமாகச் சில பீடர்களை அது தானாகவே வெட்டும், இன்னும் இறங்கினால் அடுத்த கட்டம். அந்தப் பீடரில் நீங்கள் இருந்தால் கோபம் வரும், ஆனால் உங்கள் ஒரு பீடர் போனதால்தான் மாநிலம் பிழைத்தது.

காற்றாலையும் சோலாரும் வந்த பிறகு சப்ஸ்டேஷன் வேலை மாறிவிட்டதா?

ரொம்பவே. முன்பு கரண்ட் ஒரு வழிப்பாதை, பெரிய நிலையத்திலிருந்து ஊருக்கு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கத்துச் சப்ஸ்டேஷன்களைப் பாருங்கள், அங்கே ஊரிலிருந்து மேலே ஏறுகிறது. காற்றாலை 33 கே.வி.யில் சப்ஸ்டேஷனுக்கு வரும், அங்கே 110, 230 என்று ஏற்றிக் கயத்தாறு 400 கே.வி. நிலையம் போன்ற இடங்களிலிருந்து வடக்கே அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆடிக் காற்றில் அது கொட்டும்போது வாங்கிக்கொள்ளச் சப்ஸ்டேஷனிலும் லைனிலும் இடம் இல்லாவிட்டால், காற்று இருந்தும் இறக்கையை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். விலையில்லாத காற்றை அப்படி வீணாக்குவது எனக்கு வயிற்றெரிச்சல். புதிய காற்றாலைக்கு வரும் விளம்பரம் புதிய சப்ஸ்டேஷனுக்கும் வர வேண்டும்.

வோல்டேஜ் இன்னொரு தலைவலி. மதியம் சோலார் ஏறும்போது வோல்டேஜ் ஏறுகிறது, மாலை ஆறு மணிக்குச் சூரியனும் போய் வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் போடும்போது இறங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றுகளின் எண்ணிக்கையை லோடு ஓடும்போதே மாற்றும் டேப் சேஞ்சர் இருக்கிறது, அதைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம்.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்களே, அன்று நாடு முழுவதும் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்து திரும்ப ஏறியது. நீர்மின் நிலையங்கள் வேகமாக இறங்கி ஏறிச் சமாளித்தன, வோல்டேஜ் எகிறாமல் பார்த்துக்கொண்டது சப்ஸ்டேஷன்கள். வோல்டேஜை இறக்கும் ரியாக்டரைச் சேர், ஏற்றும் கெப்பாசிட்டரை எடு, டேப்பைப் பார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை, அதுதான் அன்றைய வெற்றி.

மாதாமாதம் ஏன் ஒரு நாள் முழுக்க நிறுத்துகிறீர்கள்? ஓடுகிறதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் என்ன?

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் உதாரணம். 2025 மார்ச் 20 இரவு நார்த் ஹைட் என்ற 275 கே.வி. சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்து, மறுநாள் பெரும்பகுதி ஹீத்ரோ விமான நிலையமே மூடிக் கிடந்தது. விசாரணையில் தெரிந்தது: டிரான்ஸ்ஃபார்மருக்குள் கம்பி நுழையும் இடத்து இன்சுலேட்டரான புஷ்ஷிங்குக்குள் ஈரம் போனதுதான் பெரும்பாலும் காரணம், 2018-லேயே எண்ணெய்ச் சோதனையில் ஈரம் அதிகம் என்று காட்டியிருக்கிறது, ஆனால் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த ஊரில் பணமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். சோதனை முடிவைக் கையில் எடுத்து, டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தி, வேலை பார்க்கத்தான் யாரும் இல்லை.

நம் ஷட்டவுன் நாளில் நடப்பது இதுதான்: இன்சுலேட்டரில் படிந்த தூசு, உப்பு, பறவை எச்சம் துடைப்பது, ஜாயின்ட்டுகளில் சூடான தடம் இருந்தால் திறந்து இறுக்குவது, பிரேக்கர் திறக்கும் வேகத்தைப் பார்ப்பது, எண்ணெய் மாதிரி எடுப்பது, பேட்டரிச் செல்களுக்குத் தண்ணீர், வெளியே லைனில் உரசும் கிளைகளை வெட்டுவது. லைன் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. வெயில் காலத்தில் இந்த ஐந்து மணி நேரம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் இறுக்காத ஒரு போல்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

லைன் கிளியர் என்று சொல்கிறார்களே, அது என்ன?

லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் சப்ஸ்டேஷனிடம் வாங்கும் உத்தரவாதம். எல்.சி. என்போம். ஆபரேட்டர் அந்தப் பீடரின் பிரேக்கரை ஆஃப் செய்வார், மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பூஜ்யமானதைப் பார்ப்பார், பிரேக்கர் ட்ராலியை வெளியே இழுத்துவிடுவார், 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை மாட்டுவார், எல்.சி. புத்தகத்தில் நேரம், பீடர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் எழுதி எண் கொடுப்பார். லைன்மேன் தன் பக்கம் எர்த் ராட் போட்டுத்தான் கை வைக்க வேண்டும். எல்.சி. யார் வாங்கினாரோ அவரேதான் திருப்பித் தர வேண்டும், வேறு யார் போனில் 'வேலை முடிந்தது, போடுங்கள்' என்றாலும் போடக் கூடாது. எவ்வளவு பெரிய ஆள் சத்தம் போட்டாலும் சரி.

இதில் உங்கள் பங்கும் ஒன்று இருக்கிறது, கெஞ்சிக் கேட்கிறேன். கடையில், மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் மெயினில் நேராகக் கொடுக்காதீர்கள். அது தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி 11 கே.வி. ஆகி லைனில் நிற்கும். சப்ஸ்டேஷனில் எல்லாம் ஆஃப், எல்.சி. கையில், ஆனாலும் கம்பத்தில் இருப்பவர் செத்துப்போவார்.

மழை வந்ததும் போன் எடுக்க மாட்டேன் என்கிறார்களே?

ஷிஃப்டில் பெரும்பாலும் ஒரே ஆபரேட்டர். காற்று மழையில் நான்கு பீடர் ஒன்றாக ட்ரிப் ஆனால், எந்த ரிலே விழுந்தது என்று ஒவ்வொரு பேனலாகப் பார்த்து எழுதி, மேலிடத்துக்குச் சொல்லி, நான்கு லைன்மேன்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்போது உங்கள் போனை எடுத்தால் ஒரு எல்.சி. தவறிப்போகலாம். புகாருக்கு 2021-ல் தொடங்கிய மின்னகம் இருக்கிறது, 94987 94987, அங்கே பதிவு செய்யுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் மட்டும் யார் கிடைக்கிறார்களோ அவரிடம் உடனே சொல்லுங்கள், சொல்லிவிட்டு நீங்களும் நன்றாகத் தள்ளி நின்று, யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

புயலுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு மட்டும் கடைசியாக வருகிறது. ஏன்?

மேலிருந்து கீழேதான் சரி செய்ய முடியும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. முதலில் பெரிய லைன், அப்புறம் சப்ஸ்டேஷன், அப்புறம் ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார் இருக்கும் பீடர், அதன் பிறகு ஊர், கடைசியில் தோட்டத்து மோட்டார். பீடரின் கடைசி முனையில் இருக்கும் ஊருக்கு நடுவிலுள்ள எல்லாக் கம்பமும் நின்ற பிறகே வரும். கஜாவில் வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த லைன்மேன்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டதை டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

சப்ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வாங்கலாமா? கதிர்வீச்சு வருமா?

எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு எதுவும் கிடையாது. காந்தப்புலம் உண்டு. பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா வரை என்பது சர்வதேச வழிகாட்டு வரம்பு, வேலிக்கு வெளியே இருப்பது பொதுவாக அதைவிட மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் உள்ளே வரும் லைனிலிருந்துதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-ல் இந்தக் காந்தப்புலத்தைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது, காரணம் என்று நிறுவப்படவில்லை. நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயம்: ராத்திரி அமைதியில் போய் அந்தச் சத்தம் உங்களுக்குத் தாங்குமா என்று கேளுங்கள், மொட்டை மாடிக்கு மேலே லைன் போகிறதா என்று பாருங்கள். லைனுக்கு அடியில் மாடி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஊரில் எப்போதும் லோ வோல்டேஜ். புது சப்ஸ்டேஷன் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முதலில் எங்கே குறைகிறது என்று பாருங்கள். உங்கள் தெருவில் மட்டும் என்றால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போதவில்லை, அதைப் பெரிதாக்கவோ இன்னொன்று வைக்கவோ பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ஊர் முழுக்க, அதுவும் மோட்டார் ஓடும் நேரத்தில் குறைகிறது என்றால், பீடர் ரொம்ப நீளம், சப்ஸ்டேஷன் தூரம். அப்போது நடுவில் ஒரு 33 அல்லது 110 கே.வி. சப்ஸ்டேஷன் வந்தால் பீடர் பாதியாகும், வோல்டேஜும் சரியாகும், ஒரு மட்டை விழுந்தால் இருட்டாகும் ஊர்களின் எண்ணிக்கையும் குறையும்.

இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நிலம். வண்டி போகும் பாதையோடு, வெள்ளம் ஏறாத மேட்டில், லைன் உள்ளே வர இடைஞ்சல் இல்லாமல் ஒரு இடம் வேண்டும். ஊராட்சியில் அப்படி ஒரு புறம்போக்கு இடத்தைக் காட்டி, கிராம சபையில் தீர்மானம் போட்டு, எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்த தாளையும் சேர்த்துச் செயற்பொறியாளரிடம் கொடுங்கள். வெறும் 'லோ வோல்டேஜ்' என்ற மனுவைவிட, மாலை 7 மணிக்கு 160 வோல்ட் என்று தேதியோடு எழுதிய தாள் கையில் இருந்தால் மதிப்பீடு போடுகிற பொறியாளருக்கும் மேலே பேச வசதி.